காஸ்டிங் ஷீட்டை எக்செல்லிலிருந்து கால்க்குக்கு மாற்றினேன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் காஸ்டிங், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது, என் பொறுப்பு. நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று ஒரு பீஸ் கடந்து போகிற வழி முழுவதும் என் ஷீட்டில் வரிசையாக நிற்கும். கடைசியில் பையருக்குச் சொல்ல வேண்டிய டாலர் விலை. இந்தக் கணக்கை நான் எக்செல்லில்தான் கற்றேன், எக்செல்லில்தான் வளர்த்தேன். ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் என்றிருந்த 2003 பதிப்பில் ஆரம்பித்தது. 2007இல் அது 10,48,576 வரிசையானது. பிறகு பல ஃபைலை ஒன்றாக்கும் பவர் கொயரி, ஒரு பட்டியலில் தேடி விடை எடுக்கும் எக்ஸ்லுக்அப் என்று ஒவ்வொன்றும் வர வர ஷீட்டையும் மாற்றி எழுதிக்கொண்டே வந்தேன். இப்போது அது லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் எக்செல்லுக்கு ஈடாக உள்ள கால்க்கில் ஓடுகிறது.

மாறியதற்கு முதல் காரணம் பணம்தான். ஆபீஸிலும் ஃபேக்டரி ஃப்ளோரிலும் சிஸ்டங்கள் கூடிக்கொண்டே போக, ஆண்டுச் சந்தாவும் கூடிக்கொண்டே போனது. எங்கள் எம்டி, "இதுக்கு வேற வழி இருக்கா பாரும்மா, ஆனா உன் கணக்கு ஒரு பைசா மாறக்கூடாது" என்றார். அந்த இரண்டாவது பாதிதான் என்னை உட்கார வைத்தது. இணையத்தில் தேடினால் எக்செல்லையும் கால்க்கையும் ஒப்பிட்டு எழுதியவை நிறைய கிடைக்கின்றன. பெரும்பாலும் கூட்டல் இருக்கிறது, சார்ட் இருக்கிறது, இலவசம் என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. மௌஸைத் தொடாமல் நாள் முழுக்கக் கீபோர்டில் வேலை செய்கிறவருக்கு அவை போதாது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூகுள் ஷீட்ஸையும் பார்த்தேன். பலர் சேர்ந்து ஒரே பட்டியலை நிரப்பும் வேலைக்கு அதைவிட நல்லது இல்லை, எங்கள் டிஸ்பேட்ச் பட்டியல் இன்றும் அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஃபைலுக்கு ஒரு கோடி செல் என்ற எல்லையும், பிரவுசருக்குள் கீபோர்டு குறுக்குவழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதும் காஸ்டிங்குக்கு ஒத்துவராது.

எம்டி கேட்ட இன்னொரு கேள்வி: "நாளைக்கு இத நடத்துறவங்க மூடிட்டுப் போயிட்டா?" நியாயமான கேள்வி, அதற்கான பதில் இந்த மென்பொருளின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்று பிறந்ததை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, மூல நிரலைத் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபீஸ். 2010இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனதும், அதே ஆண்டு செப்டம்பரில் அதில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பலர் அந்த நிரலை எடுத்துக்கொண்டு தனியாக வந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். இன்று அதைப் பார்த்துக்கொள்வது பெர்லினில் உள்ள டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். கைமாறினாலும் நிரல் சாகவில்லை. ஃபைல் வடிவமான ஓடிஎஃப் 2006லேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. இதைச் சொன்னதும் எம்டி தலையாட்டினார்.

கால்க் சரிதான், ஆனால் முன்பே மாறியிருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. 2022 வரை கால்க்கில் 1,024 நெடுவரிசைகள்தான். அந்த ஆகஸ்டில் வந்த 7.4 பதிப்பில்தான் எக்செல்லைப் போல 16,384 ஆனது. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யூனிக், வரிசைப்படுத்தும் சார்ட், லெட் ஆகிய ஃபங்ஷன்கள் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில்தான் சேர்ந்தன. என் ஷீட்டில் பாதி எக்ஸ்லுக்அப். பழைய பதிப்பு ஒன்றை எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டு "கால்க் வேலைக்கு ஆகாது" என்று ஒதுக்கியவர்கள் ஒருமுறை புதியதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி கை விஷயம். எக்செல்லில் பழகிய விரல்கள் கால்க்கில் எங்கெங்கே தடுக்கும் என்பதுதான் நான் முதலில் எழுதிவைத்துக்கொண்ட பட்டியல். பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன: எஃப்2 அழுத்தினால் எடிட், கன்ட்ரோல்+1 அழுத்தினால் ஃபார்மட், கன்ட்ரோல்+டி (D) அழுத்தினால் கீழே நிரப்பும், கன்ட்ரோல்+பேஜ் டவுன் அடுத்த ஷீட். ஆபத்து இருப்பது, அதே கீ வேறு வேலை செய்யும் இடங்களில்.

எக்செல்லில் ஒரு செல்லுக்குள் அடுத்த வரிக்குப் போக ஆல்ட்+என்டர், தேர்ந்தெடுத்த செல்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபார்முலாவால் நிரப்ப கன்ட்ரோல்+என்டர். கால்க்கில் இரண்டும் அப்படியே இடம் மாறி இருக்கின்றன. டெலீட் கீ சத்தமில்லாமல் அழிக்கும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எதை அழிக்க வேண்டும் என்று ஒரு பெட்டி திறந்து கேட்கும். எஃப்4தான் மிகவும் கவனிக்க வேண்டியது. எக்செல்லில் ஃபார்முலாவுக்குள் இருக்கும்போது, நகலெடுத்தாலும் செல் முகவரி மாறாமல் நிற்பதற்கான டாலர் குறியை அது போடும், வெளியே இருக்கும்போது கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். ஒரு செல்லுக்கு மஞ்சள் அடித்துவிட்டு, அடுத்தடுத்த செல்லுக்குப் போய் எஃப்4, எஃப்4 என்று தட்டிக்கொண்டே போவோமே, அது. கால்க்கில் வெளியே இருக்கும்போதும் எஃப்4 டாலர் குறியைத்தான் மாற்றும். மஞ்சள் அடிக்கப் போய், அந்த செல்லில் உள்ள ஃபார்முலாவின் முகவரி மாறிவிடும். அதே செல்லில் விடை மாறாது என்பதால் கண்ணுக்கும் தெரியாது. அந்த ஃபார்முலாவை இன்னோரிடத்தில் ஒட்டும்போதுதான் கணக்கு கோணும். திரும்பச் செய்ய இங்கே கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஒய்.

இழுத்து நிரப்புவதும் அப்படித்தான். எக்செல்லில் ஒரு எண்ணை மூலையைப் பிடித்து இழுத்தால் அதே எண் நகலாகும், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஒவ்வொன்றாகக் கூடும். கால்க்கில் சும்மா இழுத்தாலே கூடும், நகல் வேண்டுமென்றால்தான் கன்ட்ரோல். எங்கள் அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் வாரத்தில் ஓடி வந்தாள். "அக்கா, டையிங் ரேட்டு ஒவ்வொரு ரூபாயா ஏறிட்டே போகுதுங்க்கா." 85, 86, 87 என்று இறங்கியிருந்தது. அவள் கண்ணில் பட்டதால் சரி. அன்றே எல்லோருக்கும் ஒரே விதி சொன்னேன்: எண்ணை இழுக்காதீர்கள், பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+டி. அது இரண்டு மென்பொருளிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

வேல்யூ மட்டும் ஒட்ட ஆல்ட், ஈ, எஸ், வி என்று விரல் தானாக ஓடும் தலைமுறை நான். கால்க்கில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்தினால் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி வரும். அதிலும் ஒரு தட்டு குறைய வேண்டுமென்றால் டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் போய், வேல்யூ மட்டும் ஒட்டும் கட்டளைக்கு உங்களுக்குப் பிடித்த கீயைக் கொடுத்துவிடலாம். எந்தக் கட்டளைக்கும் இப்படிக் கொடுக்கலாம் என்பது எக்செல்லில் எனக்குக் கிடைக்காத சுதந்திரம்.

ஒரு சின்னச் சந்தோஷம். ஃபார்முலாவின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் எக்செல் அந்தப் பகுதியையே விடையாக மாற்றிவிடும். எஸ்கேப் அழுத்த மறந்தால் ஃபார்முலா போயிற்று. கால்க் விடையைப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் காட்டிவிட்டு ஃபார்முலாவை விட்டுவிடுகிறது. நீளமான ஃபார்முலா என்றால் கன்ட்ரோல்+எஃப்2 அழுத்தி ஸ்ட்ரக்சர் என்ற தாவலைப் பாருங்கள். ஃபார்முலா கிளை கிளையாகப் பிரிந்து, எந்தக் கிளையில் பிழை என்பது தெரியும்.

கால்க்கை நான் நம்பத் தொடங்கிய இடம் இதெல்லாம் இல்லை. குழந்தைகள் உடுப்பு செய்கிற எவருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். எங்கள் ஆர்டர்களில் பாதி கிட்ஸ்வேர். சைஸ் வயதுக் கணக்கில் வரும்: 3-4, 5-6, 7-8, 9-10, 11-12, 13-14. எக்செல்லில் 5-6 என்று அடித்தால் ஜூன் 5ஆம் தேதி ஆகிவிடும். 11-12 டிசம்பர் 11. ஆனால் 13-14 என்று ஒரு தேதி இல்லாததால் அது மட்டும் எழுத்தாகவே நிற்கும். ஆக ஒரே நெடுவரிசையில் சில சைஸ் தேதியாகவும் சில சைஸ் எழுத்தாகவும் கிடக்கும். சைஸ் வாரியாகக் கூட்ட சம்இஃப்ஸ் போட்டால் பாதி சேராது. செல்லை முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றி வைக்க வேண்டும், அல்லது ஒற்றை மேற்கோள் போட்டு அடிக்க வேண்டும். மெயிலில் வந்த சைஸ் பட்டியலை அப்படியே ஒட்டுகிற மெர்ச்சண்டைசருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. உலகம் முழுக்க மரபணு ஆராய்ச்சியாளர்களுக்கே இதே பாடுதான். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்கள் எக்செல்லில் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், பெயர் வைக்கும் பன்னாட்டுக் குழு 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. 2023இல் எக்செல்லிலும் இப்படித் தானாக மாற்றுவதில் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதி வந்தது.

கால்க்கில், எந்த வடிவத்தில் அடித்தால் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை நாமே எழுதிக் கொடுக்கலாம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்வேஜஸ் அண்ட் லோக்கேல்ஸ் பகுதியில் தேதி ஏற்பு வடிவங்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் சாய்கோட்டோடு வந்தால் மட்டும் தேதி என்று விட்டுவிட்டு, இரண்டு எண் மட்டும் உள்ள வடிவங்களை எடுத்துவிட்டேன். இப்போது 5-6 என்று அடித்தால் 5-6. ஜாப் ஒர்க் பில்லில் 7/8 என்று பில் நம்பர் வந்தால் அதுவும் 7/8. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த அமைப்பு ஃபைலில் சேமிக்கப்படாது, அந்தந்த சிஸ்டத்தில் இருக்கும். எல்லா சிஸ்டத்திலும் ஒருமுறை உட்கார்ந்து வைத்துவிட்டேன்.

ஏற்கெனவே எக்செல்லில் தேதியாகிப்போன பழைய சைஸ்களை மீட்க, டே ஃபங்ஷனின் விடையையும் மன்த் ஃபங்ஷனின் விடையையும் நடுவில் ஒரு கோடு வைத்து ஒட்டினால் போதும். பழைய தேதிகள் கால்க்கில் ஒரு நாள் கூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டு மென்பொருளுமே தேதியை ஒரு நாள் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கின்றன. லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டு என்று தவறாக எடுத்துக்கொண்டது. அதோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அதையே பின்பற்றியது. கால்க் அந்தத் தவறை எடுத்துக்கொள்ளாமல், பூஜ்ய நாளை 1899 டிசம்பர் 30 என்று வைத்துக்கொண்டது. அதனால் 1900 மார்ச் 1 முதல் இரண்டிலும் ஒரே எண்.

காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலான சிஎஸ்வியிலும் இதே குணம்தான். டபுள் கிளிக் செய்தால் கால்க் உடனே திறந்துவிடாது. ஒரு பெட்டி வரும்: எழுத்துக் குறியாக்கம் என்ன, எதை வைத்துப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா எழுத்தா தேதியா. எங்கள் பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் ஃபைலில் தொழிலாளர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில். தொடக்கத்தில் அடையாளக் குறி இல்லாத இப்படிப்பட்ட ஃபைலை எக்செல்லில் டபுள் கிளிக்கில் திறந்தால் பெயர் முழுக்கப் புரியாத குறிகளாகத்தான் வரும். டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்தால் சரியாக வரும், ஆனால் அவசரத்தில் எல்லோரும் டபுள் கிளிக்தான் செய்கிறார்கள். கால்க்கில் அந்த டபுள் கிளிக்கிலேயே கேள்வி வந்துவிடுகிறது. சம்பளத்துக்கான பேங்க் கணக்கு எண்ணுக்கும் இது முக்கியம். எக்செல்லானாலும் கால்க்கானாலும் எண்ணாக எடுத்துக்கொண்டால் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியத்தை நம்ப முடியாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் போய்விடலாம், முன்னால் உள்ள பூஜ்யங்களும் போய்விடும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்ல ஒரு கிளிக்தான். தொழிலாளிக்குச் சம்பளம் போய்ச் சேர வேண்டிய எண் அது, அங்கே கணினி தானாக எதையும் ஊகிக்க வேண்டாம்.

பெட்டி ஒவ்வொரு முறையும் வருவது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி, "எக்செல் பட்டுனு திறக்கும்ல அக்கா" என்றான். திறக்கும்தான். ஆனால் ஆயிரம் வரிசையில் எந்தச் செல்லை மென்பொருள் மாற்றியது என்று தேடுகிற நேரத்தைவிட, திறக்கும்போது ஐந்து விநாடி பார்ப்பது மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கன்ட்ரோல்+எஃப்8 என்று ஒன்று இருக்கிறது. வேல்யூ ஹைலைட்டிங். அழுத்தினால் எழுத்தெல்லாம் கறுப்பு, அடித்த எண்ணெல்லாம் நீலம், ஃபார்முலாவெல்லாம் பச்சை ஆகிவிடும். எக்செல்லில் இதற்கு ஈடாக ஒரே கீ கிடையாது. எங்கள் பழைய காஸ்டிங் ஃபைலை கால்க்கில் முதலில் திறந்து இதை அழுத்தியபோது, ஃபேப்ரிக் விலை நெடுவரிசை மேலிருந்து கீழ் வரை பச்சை. அந்த ஃபார்முலா இப்படி: 30ஸ் கோம்ப்டு நூல் கிலோ விலை, அதோடு நிட்டிங் கூலி, டையிங் கூலி, காம்பேக்டிங் கூலி கூட்டி, ப்ராசஸ் லாஸ் 8 சதவீதம் என்றால் 0.92ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிலோ நூல் போட்டால் ஒரு கிலோ துணி வராது, வருகிற துணியின் மேல்தான் மொத்தச் செலவும் ஏற வேண்டும். அந்தப் பச்சைக்கு நடுவே ஒரே ஒரு செல் நீலம். நேவி ஷேடு. டார்க் ஷேடுக்கு டையிங் ரேட் கூடுதல் என்பதால், எப்போதோ ஒரு ஆர்டருக்காக யாரோ ஃபார்முலாவின் மேலேயே விலையை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லா ரேட்டும் உள்ள ரேட் மாஸ்டர் ஷீட்டில் டையிங் கூலி எத்தனை முறை மாறினாலும் அந்த நேவி மட்டும் அசையாமல் நின்றிருக்கும். ஒரு கிலோவுக்குச் சில ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் கிலோ கணக்கில் தப்பினால் பீஸ் கணக்கில் பைசாவாகத் தெரியும், பல்லாயிரம் பீஸ் ஆர்டரில் அதுதான் லாபமே. இப்போது எந்தக் கோட்டேஷனும் கன்ட்ரோல்+எஃப்8 பார்க்காமல் என் மேஜையைத் தாண்டுவதில்லை.

டேலியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வருகிற ஃபைலில் எண்ணைப் போலவே தெரிகிற எழுத்துகளும் இதில் கறுப்பாக மாட்டிக்கொள்ளும். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் கொடுத்து ஓகே அடித்தால் எண்ணாகிவிடும். எக்செல்லில் செய்வோமே, அதே வித்தை.

லட்சம், கோடி பிரிப்பும் சொல்ல வேண்டும். எக்செல்லில் 12,34,567 என்று தெரிவதும் 1,234,567 என்று தெரிவதும் அந்த சிஸ்டத்தின் விண்டோஸ் ரீஜன் அமைப்பைப் பொறுத்தது. கால்க்கில் செல்லின் ஃபார்மட்டிலேயே மொழி என்று ஒரு இடம் உண்டு, அதில் இங்கிலீஷ் இந்தியா வைத்தால் லட்சக் கணக்கில் பிரியும். பையருக்குப் போகிற ஷீட்டில் மில்லியன் பிரிப்பும், பேங்குக்குப் போகிற ஷீட்டில் லட்சப் பிரிப்பும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன்.

ஃபார்முலா பக்கம் மூன்று அமைப்புகளை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள், எல்லாம் ஆப்ஷன்ஸில் கால்க் பகுதியில் இருக்கின்றன. ஃபார்முலா எழுதும் முறை எக்செல் ஏ1 என்று வைத்தால் ஷீட் பெயருக்குப் பின் புள்ளிக்குப் பதில் ஆச்சரியக்குறி வரும், கண்ணுக்குப் பழகியது. தேடலில் நட்சத்திரக் குறி வேலை செய்ய வைல்டுகார்டு முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றுக்குத் தனிப் பொருள் தரும் தேடல் முறையான ரெகுலர் எக்ஸ்ப்ரஷனில் இருந்தால் புள்ளியும் அடைப்புக்குறியும் உள்ள பார்ட்டி பெயர்கள் லுக்அப்பில் தப்பாகப் பொருந்தும். மூன்றாவது, எக்செல் ஃபைலைத் திறக்கும்போது மறுகணக்கீடு. இயல்பாக, கால்க் ஃபைலில் ஏற்கெனவே சேமித்த விடைகளையே காட்டும், புதிதாகக் கணக்கிடாது. அதை ஆல்வேஸ் என்று மாற்றினேன். அல்லது கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9 அடித்தால் எல்லாமே மறுபடி கணக்காகும். "ஒரு பைசா மாறக்கூடாது" என்று எம்டி சொன்னதை இப்படித்தான் சோதித்தேன்: பழைய ஃபைல்களைத் திறந்து, முழு மறுகணக்கீடு செய்து, எக்செல்லில் வந்த டாலர் விலையையும் கால்க்கில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தேன். பூஜ்யம் வராத இடத்தில் மட்டும் உட்கார்ந்தேன்.

அந்த ரெகுலர் எக்ஸ்ப்ரஷனை ஃபார்முலாவிலேயே பயன்படுத்தும் ரெஜெக்ஸ் என்ற ஃபங்ஷன் கால்க்கில் 2019லேயே வந்துவிட்டது, எக்செல்லுக்கு அந்த வகை ஃபங்ஷன்கள் 2024இல்தான் வந்தன. ஜாப் ஒர்க் பில் விவரத்தில் எங்கோ நடுவில் கிடக்கிற 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை ஒரே ஃபார்முலாவில் பிடுங்கி எடுக்கிறேன். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, இல்லையென்றால் வெளிமாநில வரியான ஐஜிஎஸ்டி பக்கம் போகும். நமக்கு பில் போட்டவர்கள் ஜிஎஸ்டியில் காட்டியதன் பட்டியலான 2பியை ஒத்துப்பார்ப்பதில் இது பெரிய வேலையைக் குறைத்தது.

கோல் சீக் இரண்டிலும் உண்டு. பையர் "இந்த விலைக்கு மேல் ஒரு சென்ட் கிடையாது" என்றால், நூல் கிலோ என்ன விலைக்குக் கிடைத்தால் கட்டும் என்று பின்னோக்கிக் கேட்டுப் பார்ப்பேன். விடையில் வித்தியாசம் இல்லை.

இனி இழந்தவை. மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எக்செல்லின் டேபிள் கால்க்கில் இல்லை.  எக்செல்லில் கன்ட்ரோல்+டீ (T) அடித்தால் பட்டியல் டேபிளாகும், புதிய வரிசை சேர்த்தால் ஃபார்முலாவும் ஃபார்மட்டும் தானாக நீளும், நெடுவரிசைப் பெயரை வைத்தே ஃபார்முலா எழுதலாம். கால்க்கில் டேட்டா மெனுவில் டிஃபைன் ரேஞ்ச் இருக்கிறது, பெயர் வைக்கலாம், ஆனால் அந்தச் சுகம் வராது. ஃபில்டர், யூனிக் எல்லாம் வந்தாலும், எக்செல்லில் விடை தானாக வழிந்து விரிந்து சுருங்குவது போல இங்கே இல்லை. டேட்டா கூடினால் அந்த அணியை மறுபடி போட வேண்டியிருக்கிறது. பிவட் டேபிள் நன்றாக இருக்கிறது, அதை ஒரு கிளிக்கில் வடிகட்டும் ஸ்லைசர் இல்லை. எக்செல்லின் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் உள்ள பெரிய ஃபைல் திறக்க எக்செல்லைவிட நேரம் எடுக்கிறது. கால்க்கின் சொந்த வடிவமான ஓடிஎஸ்ஸாக வைத்து, பையருக்கு அனுப்பும்போது மட்டும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக்குவது நல்லது.

பெரிய இழப்பு பவர் கொயரி. ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனை ஃபைலையும் எடுத்து, தேவையில்லாததைக் கழித்து, ஒன்றாக அடுக்கித் தரும் அந்த வசதிக்கு கால்க்கில் நிகரே இல்லை. இதற்கு எங்கள் ஐடி பார்க்கும் தம்பி கைகொடுத்தான். அவன் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது, அதில் பழகியவன். லிப்ரே ஆபீஸைத் திரையில் திறக்காமலேயே கட்டளை வழியாக ஒரு ஃபோல்டர் முழுவதையும் சிஎஸ்வியாக மாற்றலாம் என்று காட்டினான். அதன் மேல் ஒரு சின்னப் பைத்தான் நிரல், எல்லா யூனிட்டின் உற்பத்தி ஃபைலையும் அடுக்கி ஒன்றாக்குகிறது. பவர் கொயரியில் நானே கிளிக் செய்து மாற்றுவேன், இதில் ஒரு நெடுவரிசை மாறினால் தம்பியைக் கூப்பிட வேண்டும். அதனால் பைத்தானை நானும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் மேக்ரோவும் முழுதாக வரவில்லை. எக்செல் மேக்ரோ எழுதப்படும் விபிஏ நிரலைக் கால்க் ஓரளவு புரிந்துகொள்ளும். செல்லைப் படிப்பது, எழுதுவது, லூப் போடுவது எல்லாம் ஓடின. ஃபார்ம் வைத்த மேக்ரோக்களும், அவுட்லுக்கைக் கூப்பிட்டு மெயில் அனுப்புபவையும் ஓடவில்லை. அவற்றில் தேவையானதை மட்டும் புதிதாக எழுதினோம். எழுத உட்கார்ந்தபோதுதான், பாதி மேக்ரோவை இப்போது யாருமே பயன்படுத்துவதில்லை என்பது தெரிந்தது.

ஆகவே அக்கவுண்ட்ஸில் ஒரு சிஸ்டத்தில் எக்செல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கான ஆஃப்லைன் யுட்டிலிட்டி மேக்ரோவோடு கூடிய எக்செல் ஃபைலாகத்தான் வருகிறது. சில பையர்கள் தங்கள் காஸ்ட் பிரேக்கப் படிவத்தையும் மேக்ரோவோடுதான் அனுப்புகிறார்கள், அதைத் தொடாமல் நிரப்பித் தர வேண்டும். அந்த வேலைகள் அந்த சிஸ்டத்தில், மற்றதெல்லாம் கால்க்கில். ரேட் மாஸ்டர், காஸ்டிங், சம்பளம், 2பி ஒத்துப்பார்ப்பு நான்கும் ஓடிஎஸ்ஸில் வந்துவிட்டன. ஆக்சஸரீஸ் ஸ்டாக் மட்டும் பாக்கி. அதில் எக்செல் டேபிள்கள் நிறைய பின்னிக்கிடக்கின்றன. இந்த சீசன் ஷிப்மென்ட் முடிந்ததும் பிரிக்க உட்காருகிறேன்.